கேட்காமலே அடித்த வழியனுப்பு நோட்டீஸ்

அத்தியாயம் 17

செருப்பு மாலையாக இருந்திருந்தால் கற்பகம் அதைச் சத்தமில்லாமல் அறுத்துக் குப்பையில் போட்டிருப்பாள். விடிந்ததும் விடியாததுமாக வீட்டு கேட்டில் தொங்கியது பூட்ஸ் மாலை. கால்பந்து ஆடுகிற பழைய பூட்ஸ், மொத்தம் பதினொன்று. கழிவுப் பட்டு நூலை முறுக்கிய கயிற்றில் வரிசையாகக் கோத்து, நடுவில் ஓர் அட்டையும் கட்டியிருந்தார்கள். அட்டையில் இரண்டே வார்த்தை: ‘போய்த் தொலை’.

அன்று அமாவாசை என்பதால் கோலம் கிடையாது. கையில் வாளித் தண்ணீரோடு கற்பகம் அப்படியே நின்றுவிட்டாள்.

பட்டுக் கயிற்றைப் பார்த்தவுடனே இது வெளியூர்க்காரன் வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது. கட்டியவன் எந்தத் தெரு என்றுகூட அவளால் சொல்லிவிட முடியும். அது அவள் பிறந்த நெசவுத் தெரு.

“ஏன் நின்னுகினே கீறே?” என்றபடி பின்னால் வந்தார் சம்பந்தம்.

ஆரணிக் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கால்பந்து கோச். வயது ஐம்பத்திரண்டு. தொப்பை கிடையாது. பொறுமையும் கிடையாது. மாலையைப் பார்த்தார், அட்டையைப் படித்தார். பிறகு ஒரு பூட்ஸைத் திருப்பி உள்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“நம்ம ஸ்டோர் ரூம் பூட்ஸ் கற்பகம். உள்ள நம்பர் கீது பாரு. நான் எழுதின நம்பர்.”

“ஸ்டோர் சாவி யார்கிட்ட கீது?”

பதில் இருவருக்கும் தெரியும். ஸ்டோர் சாவி எப்போதும் கேப்டனிடம் இருக்கும். கேப்டன் ஜெயவேல். கற்பகத்தின் கூடப்பிறந்த தம்பி தசரதனின் மகன்.

சம்பந்தம் கயிற்றை அறுக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். பதினொரு பூட்ஸையும் ஒரு கோணிப்பையில் போட்டு, சைக்கிள் கேரியரில் வைத்தார்.

“எங்க போறீங்க?”

“ஸ்டோர்ல வெக்கத்தான். நாளைக்குப் பசங்க எதைப் போட்டுகினு ஆடுவானுங்க?”

சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் மேல் இரக்கப்படுவதா, எரிச்சல்படுவதா என்று கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு முடிவு கிடைத்ததே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ரகளையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலூர் அணியிடம் நம் கல்லூரி நாலுக்குச் சைபர் என்று தோற்றது. தோற்றதுகூடப் பெரிதில்லை. ஒரே ஒரு கோல் வாங்கியிருந்த நேரம், ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ஜெயவேலை வெளியே கூப்பிட்டுவிட்டு, தேவிகாபுரத்துச் சடையப்பனை உள்ளே இறக்கினார் சம்பந்தம். அதற்குப் பிறகுதான் மற்ற மூன்று கோலும். லாரி பிடித்துக்கொண்டு போயிருந்த ஆரணிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் தசரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினான்: “மாமான்னு பாக்க மாட்டேன்! உன்ன இறக்காம நான் தறியில உக்கார மாட்டேன்!”

சொன்னபடி ஒரு வாரமாக அவன் தறியில் உட்காரவில்லை. அக்கா வீட்டுப் படியும் ஏறவில்லை.

கற்பகத்தின் கவலை அதுதான். தை பன்னிரண்டாம் தேதி மகள் அபிதகுசாம்பாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை போளூர். அவர்கள் வழக்கத்தில் பெண்ணின் நெற்றியில் முதல் பட்டம் தாய்மாமன் கட்டவேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். கற்பகத்துக்கு இருப்பது ஒரே தம்பி. இந்த இடத்துக்கு வேறு ஆளைப் பிடித்துப் போடமுடியாது.

“உன் பெரியம்மா பையன் யாராவது வந்து கட்டக்கூடாதாம்மா?” என்று முந்தாநாள் அபிதா கேட்டாள்.

“உன் தாய்மாமன் உயிரோட இருக்கச்சொல்லவா? போளூர்ல கைகொட்டிச் சிரிப்பாங்க.”

மார்கழி பிறக்க ஒன்பதே நாள். பிறந்துவிட்டால் பத்திரிகை வைக்க ஒரு வாசலிலும் ஏறமுடியாது. அதனால் காக்கைக்குச் சோறு வைத்த கையோடு கற்பகம் அச்சாபீசுக்குக் கிளம்பினாள். கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் தயாராக இருக்கும் என்று அச்சாபீஸ்காரர் வேடியப்பன் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையும் சேர்ந்து வந்ததில் தெரு வெறிச்சென்று கிடந்தது. அமாவாசை என்றால் ஆரணியில் தறி ஓடாது. மாதத்துக்கு ஒரு நாள் நெசவாளிக்குக் கை ஓய்வு. முன்பெல்லாம் அந்த ஒரு நாளைச் சீட்டாடியும் சினிமா கொட்டகையிலும் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் கோச்சாக வந்த சம்பந்தம்தான் பிரின்சிபாலிடம் சண்டை போட்டு, ஊரில் நடக்கும் ஆட்டங்களை அமாவாசைக்கு மாற்றினார். ‘தறிக்காரன் பாக்காத ஆட்டம் இந்த ஊர்ல எதுக்கு?’ என்று கேட்டாராம். அப்படிச் சேர்ந்த கூட்டம்தான் ரசிகர் மன்றம் ஆயிற்று. அவர் சேர்த்த கூட்டம், அவர் பழக்கிய ருசி. இன்றைக்கு அதே மன்றம் அதே அமாவாசையில் பஜனைக் கோயிலில் கூடுகிறது. விஷயம், அவர் இருப்பதா போவதா.

அச்சாபீசில் கால் வைத்ததும் வேடியப்பனின் முகம் மாறியது. கையில் இருந்த காகிதத்தைச் சடாரென்று எழுத்துப் பெட்டிக்கு அடியில் செருகினார்.

“வாங்கம்மா, வாங்க. புரூஃப் ரெடி. பிள்ளையார் பிளாக் புதுசு, பாருங்க.”

பத்திரிகை பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ‘தங்கள் வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே சம்பந்தம், கற்பகம் என்று இரண்டு பெயர். அதற்கும் கீழே தனி வரியில், ‘தாய்மாமன் தசரதன்’. அந்த வரியை அவள் இரண்டு தரம் படித்தாள். மனசு கொஞ்சம் சமாதானப்பட்டது.

“அது இன்னா, அடியில செருவினீங்களே?”

“அது வேற பார்ட்டிதும்மா. ஒண்ணும் இல்ல.”

“அதுலயும் இதே பார்டர் கீதே. எங்க கல்யாணப் பத்திரிகையா?”

வேடியப்பன் பொய் சொல்லத் தெரியாதவர். அவரிடம் நல்ல பார்டர் இருப்பதே ஒன்று. எல்லா விசேஷத்துக்கும் அதைத்தான் போடுவார். கற்பகம் தானே குனிந்து காகிதத்தை உருவினாள்.

மாவிலைத் தோரணம் போட்ட அதே பார்டர். அதே புதுப் பிள்ளையார். நடுவில் கொட்டை எழுத்தில்:

‘வழியனுப்பு விழா. இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, தாமாகவே மனமுவந்து ஓய்வுபெறும் நமது அருமைக் கால்பந்துப் பயிற்சியாளர் திரு. சம்பந்தம் அவர்களுக்கு வருகிற ஞாயிறு மாலை கல்லூரி மைதானத்தில் பட்டுச் சால்வை போர்த்தி விடைகொடுக்கப்படும். அனைவரும் வருக. இங்ஙனம், ரசிகர் மன்றச் செயலாளர் தசரதன்.’

“ஓய்வா? எந்த ஓய்வு? யார் மனசு உவந்துச்சு?”

“ஐயாவுக்குத் தெரியும்னுதான் நான்…”

“என் பொண்ணு கல்யாணத்துக்கும், என் புருசனைத் துரத்தறதுக்கும் ஒரே பிள்ளையாரா?”

வேடியப்பன் தலையைச் சொறிந்தார். “மன்றத்துல ஆயிரம் கேட்டிருக்காங்கம்மா. உங்க ஆர்டர் ஐந்நூறு. ரெண்டுமே நாளைக்குக் காலைல மெஷின்ல ஏத்தணும். நான் ஏழு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். எதனா மாத்தணும்னா அதுக்குள்ள சொல்லிடுங்க.”

கற்பகம் இரண்டு புரூஃபையும் சேர்த்து மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டுப் பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் கால் பஜனைக் கோயில் பக்கம் திரும்பியது.

உள்ளே நுழைவதற்கு முன்பே சத்தம் தெருவுக்கு வந்துவிட்டது.

“இருபத்திரண்டு வருசம் ஒரே ஆளு! அதுக்குள்ள நம்ம தெருக் குழாயவே மூணு தரம் மாத்திட்டாங்க!” இது தனகோடி. அவன் தொண்டைக்கு மைக் தேவையில்லை.

“குழாய் எப்ப கப்பு ஜெயிச்சுக் குடுத்துச்சு? அவரு அறுபத்தொன்பதுல வாங்கிக் குடுத்தாரா இல்லியா?” என்றார் அய்யாக்கண்ணு. மன்றத்தில் வயதில் மூத்தவர். சம்பந்தத்துக்கு அங்கே மிச்சமிருந்த ஒரே துணையும் அவர்தான்.

“அந்தக் கப்புக்குள்ள இப்ப பல்லி முட்டை வெச்சிகீது, போய்ப் பாரு!”

சிரிப்பு கூரையைத் தொட்டது.

“இன்னும் அஞ்சு பேர முன்னால நிறுத்தறாரு. ஊரு உலகத்துல எல்லாரும் நாலு பேரப் பின்னால வெச்சிகினு ஆடறான்.”

“கோல் வாங்கினா ஆத்து மணல்ல ஓட உடறாரு. பசங்க ஓடி ஓடி ஆத்துல மணலே தேஞ்சி பூட்ச்சி.”

“போளூர் சந்தைக்குப் போனா, ‘நாலுக்குச் சைபர் ஊரா நீங்க’ன்னு கேக்கறான். பேஜாரா பூட்ச்சிய்யா!”

அய்யாக்கண்ணு விடவில்லை. “என் தம்பி ரயில்வேல கீறான்னா அது யாரால? தனகோடி, உன் மச்சான் போலீஸ் டீம்ல சேந்தது யாரால? நன்றி கெட்ட பசங்களா!”

“நன்றி வேற, கோல் வேற. நன்றிக்குத்தான் சால்வை போத்தறோம் இல்ல?”

சொன்னவன் தசரதன். வெள்ளைச் சட்டை, கையில் மன்றத்து நோட்டு. ஒரு வாரமாகத் தறியில் உட்காராததால் முகத்தில் ஒரு புது மினுமினுப்புகூட வந்திருந்தது.

“நான் மாமான்னு பாக்கல. மகன்னும் பாக்கல. ரசிகனாப் பேசறேன்…”

“ரசிகனா பேசறியாடா?”

எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. மன்றக் கூட்டத்துக்குள் ஒரு பெண்பிள்ளை வந்தது அதுதான் முதல் தரம். பாயில் படுத்திருந்த இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

“ரசிகனாவே பேசு தசரதா. ஜெயவேலோட அப்பனாப் பேசிகினு, அதுக்கு மன்றத்துப் பேர வெக்காதே.”

“அக்கா, நீ வூட்டுக்குப் போ. இது ஆம்பளைங்க பேசற எடம்.”

“ராத்திரியோட ராத்திரியா என் வாசல்ல பூட்ஸ் மாலை கட்டனாங்களே, அதுவும் ஆம்பளைங்க வேலைதானா?”

கூட்டத்தில் சிலர் தரையைப் பார்த்தார்கள். தசரதனின் கண் ஒரு கணம் தடுமாறியது. மாலை விஷயம் அவனுக்கே புதுசு என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் இறங்கி வரவில்லை.

“இருபது நிமிசம் பாக்கி இருக்கச்சொல்ல, ஊரே பாத்துகினு இருக்க, என் புள்ளைய வெளிய இழுத்தாரு. அடி பட்டுச்சா? மூச்சு வாங்கிச்சா? எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னாரா?”

“அவரு கோச். யார வேணா எடுப்பாரு.”

“நாங்க ரசிகருங்க. நாங்களும் யார வேணா எடுப்போம்.”

கைதட்டல் எழுந்தது. கற்பகம் அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

“அவரு போகணுமா வேணாமான்னுதானே கூட்டம்? போகணும்தான். பொண்டாட்டி நானே சொல்றேன், போகணும்.”

அய்யாக்கண்ணு வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார்.

“மதில் ஓரமா நின்னு இருபத்திரண்டு வருசம் நானும்தான் பாக்கறேன். அவருகிட்ட இப்ப பழைய கணக்கு இல்ல. கோவம் மட்டும்தான் அப்பிடியே கீது. அது எனக்குத் தெரியாதா? ஆனா கேக்காம கொள்ளாம ஒரு மனுசனுக்கு வழியனுப்பு நோட்டீஸ் அடிக்கிறீங்களே, உயிரோட இருக்கறவனுக்குக் கருமாதி வெக்கிறாப்பலே கீதே, உங்களுக்கு வாய் கூசல?”

அவள் தம்பியைப் பார்த்தாள்.

“நோட்டீஸ நிறுத்து. அவரு வாயாலயே நான் சொல்ல வெக்கறேன்.”

தசரதன் நோட்டை மூடினான்.

“நாளைக்குக் காலைல பத்து மணி. பிரின்சிபால் மேசை மேல ராஜினாமா இருக்கட்டும். இருந்தா, நோட்டீஸ நானே கொளுத்தறேன். அபிதாவுக்குப் பட்டம் கட்ட மொத ஆளா வந்து நிப்பேன். இல்லன்னா, பத்திரிகைல எம்பேரப் போடாதே அக்கா. வரமாட்டேன்.”

“என் பொண்ணு உனக்கு இன்னா பாவம்டா பண்ணிச்சி?”

“என் புள்ள இன்னா பண்ணான்?” என்றான் தசரதன்.

வெளியே வந்தபோது அய்யாக்கண்ணு பின்னாலேயே ஓடிவந்தார். “அம்மா, ஒண்ணு சொல்றேன். அந்த நோட்டீஸ அவரு கண்ணுல காட்டிடாதீங்க. அவரு சுபாவம் உங்களுக்கே தெரியும்.”

கற்பகம் தலையாட்டினாள். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் மனசு வேறு விதமாகத் திரும்பிவிட்டது. காட்டினால்தான் என்ன? சும்மா கேட்டால் ஆயிரம் பேசுவார். ஊர் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று கண்ணால் பார்த்தாலாவது மனுஷன் வழிக்கு வருவார். நாளைக் காலை பத்து மணிக்குள் வரவேண்டும். வராவிட்டால் தம்பி இல்லை, பட்டம் இல்லை. அவள் கணக்கு அப்படி ஓடியது.

சாயங்காலம் சம்பந்தம் முற்றத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார். அதிசயமாக முகம் தெளிவாக இருந்தது. மகளிடம் போளூர் மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ கேலிகூடப் பேசினார். அபிதா வெட்கப்பட்டுச் சட்னிக் கிண்ணத்தோடு உள்ளே ஓடினாள். ஒரு வாரமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது.

அந்த நேரத்தில் கற்பகம் வாய் திறந்து, ‘விட்டுடுங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லையே! இலைக்குப் பக்கத்தில் நோட்டீஸை வைத்தாள்.

“இத மொதல்ல படிங்க.”

சம்பந்தம் கையைக் கழுவிவிட்டு வந்து படித்தார். மேலிருந்து கீழ்வரை ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். அடியில் இருந்த பெயரில் வந்து நின்றார்.

“ஊரே ஒண்ணா சேந்துடுச்சுங்க,” என்றாள் அவள். “இனிமே எதுக்கு வீம்பு? மரியாதையா நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா தசரதன் வந்துடுவான். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் குடுத்துக்கீறான்.”

“டைம் குடுத்துக்கீறானா?”

குரல் உயரவில்லை. அது உயராதபோதுதான் பயப்படவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சம்பந்தம் சட்டைப் பையில் கை விட்டு, நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

“வியாழக்கிழமை சாயங்காலம் மேசைல உக்காந்து எழுதிகினு இருந்தேனே, டீம் லிஸ்டான்னு கேட்ட. இதுதான் அது. நாளைக்குப் பிரின்சிபால்கிட்ட குடுக்க வெச்சிருந்தேன். கேட்டுக்கோ.”

படித்தார். கல்லூரிக்கு எழுதும் கட்டுப்பாடான தமிழ்தான். ‘சென்ற ஞாயிறன்று நடந்த ஆட்டத்தில் அணித் தலைவனை நான் வெளியே அழைத்தது ஆட்டத்துக்காக அல்ல. அவன் என்னைப் பார்த்துக் கையை உதறினான் என்ற கோபத்தால். என் கோபத்துக்காக ஓர் ஆட்டத்தையும் ஒரு பையனையும் பலி கொடுத்த பிறகு இந்தப் பொறுப்பில் நான் நீடிப்பது முறையல்ல. என்னை விடுவிக்கவேண்டும்.’

தம்பி ஊரைக் கூட்டிக் கேட்ட பதில் நாலு நாளாக இந்தச் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. சந்தோஷத்தில் அவள் கண் கலங்கக்கூட ஆரம்பித்தது.

“இதுதாங்க வேணும்! இத மட்டும் குடுத்துடுங்க, எல்லாம்…”

சம்பந்தம் காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். இரண்டை நாலாக்கினார்.

“ஐயோ! ஏங்க!”

“நானா போகணும்னு நெனச்சப்ப எழுதினது அது. இப்ப போனா தசரதன் துரத்தி நான் ஓடனதா ஆகும். ‘மனமுவந்து’ன்னு எனக்குப் பதிலா அவன் எழுதுவானா? சால்வை போத்துவானா? அடுத்த வருசமும் நான்தான் கோச். அதுக்கு அடுத்த வருசமும் நான்தான். ஆவறதப் பாக்கட்டும்.”

“அந்தக் கோவத்தாலதானே ஜெயவேல வெளிய எடுத்தீங்க? இப்பதானே உங்க வாயாலயே படிச்சீங்க?”

“ஆமா. அதே கோவம்தான்,” என்றார் சம்பந்தம். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

நோட்டீஸுக்கு அடியில் இருந்த கல்யாணப் பத்திரிகை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. இழுத்துப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். ‘தாய்மாமன் தசரதன்’ என்ற வரியின் மேல் ஒரு கோடு போட்டார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு கோடும் போட்டார்.

அபிதா கதவோரம் வந்து நின்றிருந்தாள். கிண்ணம் கையில் அப்படியே இருந்தது.

“அப்பா, அந்த எடத்துல யார் பேரு?” என்று கேட்டாள்.

“யார் பேரும் இல்ல. காலியா இருக்கட்டும்.”

“போளூர்ல கேட்டா?”

“கோச் பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லன்னு சொல்லு.”

அபிதா அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் கற்பகத்தால் தாங்கமுடியவில்லை. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் புருஷன். இரண்டு பேருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. இரண்டு பேரும் கோடு போடுவதற்கு இந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகைதான் கிடைத்தது. இத்தனை வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடி ஓடிச் சமாதானம் பேசியவள் அவள். இன்றைக்கு ஒரு ராத்திரி பொறுமையாக இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்ற நினைப்பு வேறு நெஞ்சைச் சுட்டது. கோபம் தன்மேலா, அவர்கள் மேலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை.

“பேனாவக் குடுங்க,” என்றாள்.

சம்பந்தம் கொடுத்தார். தம்பி பெயரைத் திரும்ப எழுதப்போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார். எழுதினால் மறுபடி அடிப்பதற்கும் தயாராக நின்றார்.

கற்பகம் மேல் வரிக்குப் போனாள். ‘சம்பந்தம்’ என்ற பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டாள்.

“இன்னாம்மா பண்றே!” என்று அலறினாள் அபிதா.

“ஒரு எடம் காலியா இருக்கலாம்னா, ரெண்டும் காலியா இருக்கட்டும். கோச் கிரவுண்டுல இருக்கட்டும். செயலாளர் மன்றத்துல இருக்கட்டும். கல்யாணத்த நான் பண்ணிக்கறேன்.”

“பைத்தியமா உனக்கு?” என்று சம்பந்தம் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் காகிதத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். நோட்டீஸ் இலைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஊரார் பார்க்கத் தெருவில் ஓடிப் பெண்டாட்டியைப் பிடித்து இழுத்துவர அவரால் முடியாது. அதற்கும் அந்த ரோஷம்தான் தடை.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேடியப்பன் கதவுப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கற்பகம் மூச்சு வாங்க வந்து புரூஃபை நீட்டினாள். விளக்கடியில் போய்ப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ‘தங்கள் வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே கற்பகம் என்ற ஒரே பெயர்தான் மிச்சமிருந்தது. அப்படி ஒரு பெண்பிள்ளை பெயர் மட்டும் போட்ட பத்திரிகை எந்த வீட்டிலிருந்து வரும் என்பது அச்சுத் தொழிலில் முப்பது வருஷம் பழுத்த அவருக்குத் தெரியும். அவர் பார்வை மெல்ல அவள் நெற்றிக்குப் போயிற்று. குங்குமம் இருந்தது.

“அம்மா,” என்றார் தயங்கித் தயங்கி. “காலைலகூட ஐயாவ சைக்கிள்ல பாத்தேனே. நல்லாத்தானே கீறாரு?”

“நல்லாத்தாங்க கீறாரு,” என்றாள் கற்பகம். “நீங்க அடிங்க.”